வரையாடு பார்க்க 25,000 ரூபாய்க்குள் ஸ்கோப்பும் முக்காலியும்: பணத்தை எதில் போடுவது?

3 நவம்பர் 2024 (கேள்வி, கூடலூரிலிருந்து)

ஐயா, வரையாடும், பிணம் தின்னும் பாறுக் கழுகும் பார்க்க வேண்டும் என்பது பல நாள் ஆசை. கையில் மொத்தம் 25,000 ரூபாய் இருக்கிறது. மாமா தன் ஏர்கன்னிலிருந்து கழற்றிய 3-9×40 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மி.மீ.) ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அதையே முக்காலியில் பொருத்திக்கொண்டு பணத்தை மிச்சப்படுத்தலாமா? அல்லது மொத்தப் பணத்தையும் போட்டு 20-60×80 ஸ்பாட்டிங் ஸ்கோப் (தூரத்து விலங்கைப் பார்க்கும் ஒற்றைக் குழாய்த் தொலைநோக்கி) வாங்கிவிடட்டுமா? முக்காலி அதனுடனேயே இலவசமாக வருகிறது. 60 மடங்கு என்றால் எதிர்மலையில் நிற்கும் ஆட்டின் கண்கூடத் தெரியும் என்கிறார்கள்.

4 நவம்பர் 2024

தம்பி, இலவசமாக வரும் அந்த முக்காலிதான் உங்கள் பணத்தைத் தின்னப்போகிறது. ஸ்கோப்பைப் பற்றிப் பிறகு பேசலாம்.

ஆறு வருடத்துக்கு முன் நானும் இப்படி ஒன்றை வாங்கினேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேரைக் கூட்டிக்கொண்டு கோடநாடு காட்சிமுனைக்குப் போனேன். கீழே மாயாறு வெள்ளி நூல்போல் வளைந்து ஓடுகிறது, அதற்கு அப்பால் தெங்குமரஹடா வயல்கள். பள்ளத்தாக்குக் காற்று மேலேறி வந்து முகத்தில் அடிக்கிறது. முக்காலியின் கால்கள் விரல் தடிமன்கூட இல்லை. ஒரு பையன் கண்ணை வைத்தவுடன் ஸ்கோப் நடுங்கியது, கையை எடுத்தான், நடுக்கம் நிற்க நான்கைந்து விநாடி ஆயிற்று, நிற்பதற்குள் அடுத்த காற்று. பதினான்கு பேரில் ஒருவர்கூட எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. "மேகம் ஆடுது சார்" என்றாள் ஒரு பெண். மேகம் ஆடவில்லை. அன்று வீடு திரும்பும்போது எனக்கு இருந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

எனவே என் முதல் சொல்: 25,000 இருந்தால் அதில் பத்தாயிரத்தை முக்காலிக்கும், ஸ்கோப்பைப் பிடித்துத் திருப்பும் அதன் தலைக்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் என்ன ஸ்கோப் கிடைக்கிறது என்று பாருங்கள்.

4 நவம்பர் 2024, இரவு

கணக்காகவே சொல்கிறேன், அப்போதுதான் நம்புவீர்கள். ஸ்கோப்பின் நீளம் 30 செ.மீ. என்று வையுங்கள். அதன் முன்முனை அரை மில்லிமீட்டர் கீழே சாய்கிறது. நகத்தின் தடிமன் அளவு. 600 மீட்டர் தள்ளியுள்ள பாறையில் உங்கள் பார்வை ஒரு மீட்டர் நகர்ந்துவிடும். வரையாடு முழுசாகவே அவ்வளவு உயரம்தான். 60 மடங்கில் அந்தத் தூரத்தில் உங்களுக்குத் தெரியும் வட்டமே பத்து மீட்டருக்குச் சற்று அதிகம். தொட்டால் போதும், ஆடு வட்டத்தின் நடுவிலிருந்து தன் உயரம் அளவுக்கு விலகிவிடும்.

உருப்பெருக்கம் ஆட்டை மட்டும் பெரிதாக்குவதில்லை. நடுக்கத்தையும் அதே அளவு பெரிதாக்குகிறது.

6 நவம்பர் 2024

மாமா கொடுத்த 3-9×40 பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அது மோசமான பொருள் இல்லை. ஆனால் வேறு வேலைக்காகச் செய்த பொருள். துப்பாக்கி ஸ்கோப்பில் கண்ணுக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே எட்டு, ஒன்பது செ.மீ. இடைவெளி விட்டுப் பார்க்க வேண்டும். துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது புருவத்தில் அடிபடாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். முக்காலியில் வைத்துப் பார்க்கும் உங்களுக்கு அந்த இடைவெளி தொல்லை. தலை சற்று நகர்ந்தால் படம் கறுத்துவிடும். நடுவில் குறுக்குக்கோடு வேறு. 9 மடங்கில் 600 மீட்டர் தூரம் ஏறத்தாழ 67 மீட்டராகத் தெரியும். அதை ஒரு நல்ல 8×42 பைனாகுலர் இரண்டு கண்ணுக்கும், அகலமான காட்சியோடும் கொடுத்துவிடும்.

இன்னொன்று. முதுமலை எல்லையில் பைக்குள் துப்பாக்கி ஸ்கோப்போடு சோதனைச்சாவடியில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். ஏர்கன்னில் இருந்தது, பறவை பார்க்கத்தான் கொண்டு வந்தேன் என்று நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனாலும் அந்தக் காவலர் உங்களை நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. வேட்டைக்கு எதிராக இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் அவர்கள். அவர்களை அந்த நிலையில் வைக்காதீர்கள். மாமாவிடமே திருப்பிக் கொடுங்கள்.

9 நவம்பர் 2024

துப்பாக்கி ஸ்கோப் பற்றி எழுதியதைப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்து ஓய்வு பெற்றவர், வெலிங்டன் பக்கத்தில் இருக்கிறார். கேட்டுவிட்டு அவர் சொன்னது இந்தப் பேச்சுக்கே அச்சாணி மாதிரி.

"எஸ்.எல்.ஆர். துப்பாக்கி வைத்திருந்தபோது ஸ்கோப்பே கிடையாது. 20 தோட்டா மேகசின், ஒரு முறை விசையை அழுத்தினால் ஒரு தோட்டா. முழங்கையைத் தரையில் எப்படி ஊன்றுகிறாய் என்பதுதான் குறி. பிறகு டிராகுனோவ் பார்த்தேன். அதன் ஸ்கோப் எத்தனை மடங்கு தெரியுமா? நான்கு."

சரிபார்த்தேன், உண்மைதான். 1963இல் சோவியத் ராணுவம் ஏற்றுக்கொண்டு, பின்னால் நம் ராணுவத்துக்கும் வந்த அரைத் தானியங்கித் துப்பாக்கி டிராகுனோவ். 800 மீட்டர் வரை குறிபார்க்க அதற்குக் கொடுத்த பி.எஸ்.ஓ.-1 ஸ்கோப் 4×24 மட்டுமே. 24ஐ 4ஆல் வகுத்தால் 6 மி.மீ. கண்ணுக்குள் விழும் ஒளிவட்டம் அத்தனை அகலம், அந்தி நேரத்திலும் வெளிச்சமாகத் தெரியும். அதைவிட முக்கியம் தாங்கி. துப்பாக்கியின் இடப்பக்கத்தில் உடலோடு சேர்ந்த ஒரு தண்டவாளம், ஸ்கோப் அதில் நழுவி ஏறி நெம்புகோலால் இறுகிக்கொள்ளும். கழற்றி மறுபடி மாட்டினாலும் குறி அதே இடத்துக்கு வரும்படி செய்திருக்கிறார்கள். பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் எஸ்.எல்.ஆருக்குப் பொருத்திய சூட் என்ற கருவியும் 4 மடங்குதான்.

உயிர் போகும் வேலைக்கே நான்கு மடங்கும் அசையாத தாங்கியும் போதும் என்றிருக்கிறார்கள். நாம் ஆடு பார்க்க 60 மடங்கும் ஆடும் முக்காலியும் வாங்குகிறோம். பெரியப்பாவுக்கு இது தாங்கவில்லை.

10 நவம்பர் 2024

மேலே எழுதியதில் ஒரு நியாயம் விட்டுப்போயிற்று. துப்பாக்கிக்கு நான்கு மடங்கு போதும் என்பதால் நமக்கும் போதும் என்று ஆகாது. குறிபார்ப்பவருக்கு எதிரே நிற்பது எது என்று தெரிந்தால் போதும். நமக்குக் கொம்பின் வளைவு, முதுகின் வெள்ளை, குட்டியா பெண்ணா என்று எல்லாம் வேண்டும். முதிர்ந்த ஆண் வரையாட்டுக்குக் கறுத்த உடம்பில் முதுகு மட்டும் வெளுத்துச் சேணம் போட்டது போல் இருக்கும். தூரத்தில் அதைப் பிரித்தறிய 20 முதல் 30 மடங்கு வேண்டும். அதற்கு மேல் பெரும்பாலான நாள்களில் பயன் இல்லை.

13 நவம்பர் 2024

ஏன் பயன் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் காரணம் வெளிச்சம். முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணில் விழும் ஒளிவட்டம். 65 மி.மீ. ஸ்கோப்பை 20இல் வைத்தால் 3.25 மி.மீ., 30இல் வைத்தால் 2 மி.மீ.க்குச் சற்று மேல். 60 மி.மீ. ஸ்கோப்பை 60இல் வைத்தால் வெறும் 1 மி.மீ. நீலகிரியில் மேகம் இல்லாத நாள் எத்தனை? சோலை ஓரத்து அரை இருட்டில் 1 மி.மீ. ஒளிவட்டம் என்றால் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று நிற்கிறது என்று மட்டும் தெரியும்.

இரண்டாவது கானல். பத்து மணிக்கு மேல் பாறை சூடேறினால் காற்று நெளிய ஆரம்பிக்கும். சீகூர்ப் பீடபூமியில் கேட்கவே வேண்டாம். 60 மடங்கில் கழுகு தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல் நெளியும். லட்சக்கணக்கில் விலை போகும் ஸ்வரோவ்ஸ்கி, ஸைஸ் ஸ்கோப்புகளுக்கும் இந்த விதி ஒன்றுதான். கண்ணாடியால் காற்றைத் திருத்த முடியாது. காலை ஏழிலிருந்து ஒன்பது வரை பாருங்கள், பிறகு தேநீர் குடிக்கப் போய்விடலாம்.

மூன்றாவது, விலை குறைந்த ஸ்கோப்பில் கடைசி மடங்குகள் பெயருக்குத்தான் இருக்கும். என் பழைய ஸ்கோப்பில் 40ஐத் தாண்டினால் கிளையின் ஓரமெல்லாம் ஊதாக் கரை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், 15-45×60 அல்லது 20-60×65இல் நம்பத்தக்கதாக ஒன்று வாங்கி 30க்குள் பயன்படுத்துவது நல்லது. 80 மி.மீ. வேண்டாம் என்பேன். ஒளி கூடும்தான், ஆனால் எடையும் கூடும், அதைத் தாங்க இன்னும் பெரிய முக்காலி வேண்டும். 25,000 அங்கேயே உடைந்துவிடும்.

14 நவம்பர் 2024

திருத்தம். தொலைபேசியில் உங்களிடம் பேசும்போது, 20 மடங்கில் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 17 மீட்டர் அகலம் தெரியும் என்று சொன்னேன். தவறு. 20 மடங்கில் காட்சி ஏறத்தாழ 2 பாகை, அப்படியானால் 35 மீட்டர். 17 என்பது 60 மடங்கில் 1 பாகைக்கு. ஆட்டைத் தேடிப் பிடிக்கக் குறைந்த மடங்கு வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்: இரண்டு மடங்கு அகலம், நான்கு மடங்கு பரப்பு.

21 நவம்பர் 2024

முக்காலியின் தலை. இதில்தான் கடைக்காரர்களும் தடுமாறுகிறார்கள்.

பந்துத் தலை வேண்டாம். ஒளிப்படக்காரர்களுக்கு அது வசதி, ஸ்கோப்புக்கு இல்லை. திருகைத் தளர்த்திய கணத்தில் ஸ்கோப் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சரியும். தூக்கி நிறுத்தி ஆட்டைக் காட்சிக்குள் கொண்டு வந்து இறுக்கினால், கையை எடுத்ததும் அரை விரற்கடை தொங்கும். ஆடு போய்விடும்.

வேண்டியது வீடியோத் தலை. உள்ளே பசைபோன்ற தடிமனான எண்ணெய் இருக்கும், ஒரு நீளப் பிடி இருக்கும். மேலும் கீழும் தனி, பக்கவாட்டில் தனி. பிடியை விரலால் தள்ளினால் ஸ்கோப் தேனில் கரண்டி நகர்வது போல நகரும், விட்ட இடத்தில் நிற்கும். பறக்கும் பாறுக் கழுகை வானத்தில் தொடர வேறு வழியே இல்லை.

இனி செலவுக்கு வழி. குன்னூர், மேட்டுப்பாளையம், கோவை என்று கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்களில் பழைய வீடியோ முக்காலிகள் மூலையில் கிடக்கின்றன. அவர்கள் இப்போது கையில் பிடித்தே எடுக்கும் கருவிகளுக்கு மாறிவிட்டார்கள். எனக்கு நான்காயிரத்துக்குக் கிடைத்தது. கால்களில் கீறல், மஞ்சள் கறை, ஒரு ரப்பர் பாதம் இல்லை. தலை மட்டும் வெண்ணெய். புதிதாக வாங்கியிருந்தால் அதைப் போல் மூன்று மடங்கு கொடுத்திருப்பேன்.

வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனை: கால்களை முழுதாக நீட்டி நிறுத்துங்கள். தலையின் மேல் உள்ளங்கையை வைத்து இடமும் வலமும் முறுக்குங்கள். கால்களுக்கும் தலைக்கும் நடுவே எங்காவது இளக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு காலை விரலால் சுண்டிவிட்டு, அதிர்வு எத்தனை நேரம் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு விநாடிக்குள் அடங்கினால் பேரம் பேசலாம்.

22 நவம்பர் 2024

மேலே சொன்னதோடு இரண்டு பழக்கம். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், முக்காலி அங்கே ஒற்றைக்காலி ஆகிவிடும். மெல்லிய கீழ்க்கால்களைக் கடைசியில் நீட்டுங்கள், தடித்த மேற்கால்களை முதலில். காற்று அதிகமென்றால் நின்று பார்க்காமல் காலைக் குறுக்கித் தரையில் உட்கார்ந்து பாருங்கள். நடுவில் பை தொங்கவிட்டால் இன்னும் நல்லது. நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, எப்படியும் எவர்சில்வர் பாட்டில்தான் கொண்டு போகிறோம். இரண்டு லிட்டர் தண்ணீரோடு அதைத் தொங்கவிடுங்கள். பை தரையை லேசாகத் தொட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே ஊஞ்சலாடும்.

2 டிசம்பர் 2024

முக்காலியே வாங்க முடியாதவர்களுக்கு: சிறு துணிப்பை தைத்து, இரண்டு கிலோ காய்ந்த அவரையோ ராகியோ நிரப்பிக் கட்டுங்கள். காட்சிமுனைக் கல்சுவரில் அதைப் போட்டு, ஸ்கோப்பை அதில் அமிழ்த்துங்கள். மட்டமான முக்காலியைவிட இது நூறு பங்கு மேல். இதை என் அம்மாவின் தையல் மிஷினில்தான் முதலில் செய்தேன். ராகி பூசணம் பிடிக்கும், மழைக்காலம் முடிந்ததும் வெயிலில் கொட்டிக் காயவைக்க வேண்டும்.

15 டிசம்பர் 2024

நேர் ஸ்கோப்பா, 45 பாகை சாய்ந்த ஸ்கோப்பா என்று கேட்கிறீர்கள். நேர் ஸ்கோப் என்பேன். குழாய் பார்க்கும் திசையிலேயே நாமும் பார்க்கிறோம். ஆட்டை வெறுங்கண்ணால் கண்ட இடத்துக்குச் சட்டென்று திருப்பலாம். ஜீப்பின் ஜன்னலிலும் வைக்கலாம்.

12 ஜனவரி 2025

தலைகுந்தாவில் உறைபனி. புல்வெளி முழுக்க உப்பு தூவியது போல் இருந்தது. காலை ஏழு மணிக்குக் குளிர்ந்த ஸ்கோப்பை அப்படியே தேநீர்க் கடைக்குள் எடுத்துப் போனேன். அடுப்பின் ஆவியில் முன்கண்ணாடி நிமிஷத்தில் பால்போல் வெளுத்துவிட்டது. வெளியே ஈரம் படிவது பெரிய கேடு இல்லை, துடைத்துவிடலாம். உள்ளே படிந்தால்தான் வம்பு. அதனால் உள்ளே நைட்ரஜன் அடைத்து, நீர் புகாதபடி மூடியதுதானா என்று வாங்கும்போதே கேளுங்கள். கோத்தகிரி, குன்னூர்க்காரர்களுக்கு இது ஆடம்பரம் அல்ல. வடகிழக்குப் பருவத்தில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காருகிறது. மேற்கே அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்த மலை இது.

குளிரிலிருந்து சூட்டுக்குப் போகும்போது ஸ்கோப்பைப் பைக்குள் போட்டு இறுக மூடிவிட்டுப் போங்கள். ஈரம் பையின் மேல் படியும். ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கலாம்.

12 ஜனவரி 2025, மாலை

அப்பாவின் பைனாகுலரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. தோலுறையில் போட்டு அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தார். அவர் போன பிறகு எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் சிலந்திவலைபோல் பூசணம் பரவியிருந்தது. ஒளியில் பிடித்தால் நரம்பு நரம்பாகத் தெரிந்தது. பழுது பார்ப்பவர் கழற்றித் துடைத்தார், ஆனால் பூசணம் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்திருந்தது. தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், இருட்டு வேறு. நம் மலையில் கண்ணாடிக் கருவி எதையும் உறையோடு வைக்காதீர்கள். அரிசி போடும் காற்றுப்புகாத டப்பா ஒன்று, உள்ளே நூறு கிராம் சிலிக்கா ஜெல். நிறம் மாறியதும் வாணலியில் வறுத்துத் திரும்பப் போடலாம். மாதம் ஒருமுறை கருவியை வெளிச்சத்தில் வைத்து எடுங்கள். அவ்வளவுதான் வேலை. அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை.

26 ஜனவரி 2025

டிசம்பர் 15ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

பள்ளிப் பிள்ளைகளோடு மறுபடியும் போனேன். நான்காம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கலந்த கூட்டம். என் நேர் ஸ்கோப்பை என் உயரத்துக்கு வைத்தால் சிறுவர்களுக்கு எட்டவில்லை. அவர்களுக்கு இறக்கினால் பெரியவர்கள் முதுகை வளைத்துக் கழுத்தை நிமிர்த்த வேண்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் காலை ஏற்றி இறக்கியதில் காட்சி தொலைந்துகொண்டே இருந்தது. அதே இடத்தில் இன்னொரு ஆசிரியை சாய்ந்த ஸ்கோப் வைத்திருந்தார். முக்காலியைக் குட்டையாக நிறுத்தியிருந்தார், சிறுவர்கள் நின்றபடியும் பெரியவர்கள் குனிந்தும் வரிசையாகப் பார்த்துப் போனார்கள். முக்காலி குட்டையானதால் காற்றுக்கும் ஆடவில்லை. வானத்தில் உயரப் பறப்பதைப் பார்க்கவும் கழுத்து நோகவில்லை.

தனியாக, வண்டியிலிருந்து பார்ப்பவர் நேர் ஸ்கோப் வாங்கட்டும். பலர் சேர்ந்து பார்ப்பதென்றால் சாய்ந்ததே சரி. சாய்ந்த ஸ்கோப்பைக் குறிவைக்கும் வித்தை: குழாயின் ஓரத்தில் ஒரு நூல்கட்டையோ சிறு குழலோ ஒட்டிவையுங்கள். அதன் வழியே முதலில் பார்த்துத் திருப்பிவிட்டுப் பிறகு கண்ணை வையுங்கள்.

8 பிப்ரவரி 2025

ஸ்கோப்பின் பாதமும் முக்காலித் தகடும் சேரும் இடத்தைப் பற்றி. ஒரே ஒரு கால் அங்குலத் திருகுதான் இரண்டையும் பிடிக்கிறது. பிடியைத் திருப்பும்போது ஸ்கோப் அந்தத் திருகைச் சுற்றி மெல்லச் சுழன்று தளரும். நேற்று எதிர்மலையில் ஒரு கடமானைத் தொடர்ந்துகொண்டிருந்தேன். பிடி வலப்பக்கம் போகிறது, காட்சி போகவில்லை. திருகு ஒரு சுற்று தளர்ந்திருந்தது.

நடுவே மெல்லிய தக்கைத் தாளோ சைக்கிள் டியூப் துண்டோ வைத்து இறுக்குங்கள். நாணயத்தால் கடைசி கால் சுற்று. பெரியப்பா இதைக் கேட்டுச் சிரித்தார். துப்பாக்கி ஸ்கோப்பின் வளையங்களிலும் இதே கதைதானாம். திருகுகளை ஒரு பக்கமாக இறுக்கக் கூடாது, குறுக்காக மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. குறி தவறினால் ஸ்கோப்பைத் திட்டுவதற்கு முன் திருகைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர் காலத்துப் பாடம்.

கைப்பேசியைக் கண்ணாடியில் மாட்டிப் படமெடுப்பவர்களுக்கும் இதே இடத்தில்தான் சிக்கல். பின்பக்கம் எடை கூடி ஸ்கோப் மல்லாக்கச் சாயும். நீளத் தகடு போட்டு ஸ்கோப்பை முன்னால் தள்ளிப் பொருத்தினால் நடுநிலை வரும். தலையின் இறுக்கத்தை முழுதும் தளர்த்திய பிறகும் ஸ்கோப் சாயாமல் நின்றால் சரியாக வைத்திருக்கிறீர்கள்.

9 பிப்ரவரி 2025

மூக்குக் கண்ணாடி போட்டவர்கள், கண்ணுக்கும் ஸ்கோப்பின் பின்கண்ணாடிக்கும் இடையே விடக்கூடிய இடைவெளி 15 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது போல் இருக்கும்.

2 மார்ச் 2025

வனத்துறை அனுமதியோடு ஆசிரியர்கள் சிலர் முக்குருத்தி தேசியப் பூங்காப் பக்கம் போய்வந்தோம். 78 சதுர கிலோமீட்டர் புல்வெளியும் சோலையும். மேற்கு விளிம்பில் மலை திடீரென்று முடிந்து கேரளப் பக்கம் செங்குத்தாக விழுகிறது. மேகம் கீழிருந்து ஏறி வந்து மூடியது, திறந்தது, மூடியது. எட்டரை மணிக்குத் திறந்தபோது எதிர்ப்பாறையில் பதினொரு புள்ளிகள். பைனாகுலரில் ஆடு என்று தெரிந்தது. ஸ்கோப்பில் 25 மடங்கில் வைத்தேன்.

ஒரு பெண் ஆடு பாறை இடுக்கில் முன்னங்காலை மடித்துப் புல் மேய்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில் பூனை அளவு குட்டி. குட்டி தாயின் வயிற்றுக்கடியில் நுழைந்து முட்டியது, தாய் அசையவில்லை. கீழே முந்நூறு அடிப் பள்ளம். குட்டியின் குளம்பு நின்ற இடம் என் உள்ளங்கை அகலம்கூட இருக்காது. காற்று அடித்தபோது அதன் முதுகு மயிர் ஒரு பக்கம் சாய்ந்ததைப் பார்த்தேன். ஸ்கோப் ஆடவில்லை, அதனால்தான் அந்த மயிர் தெரிந்தது.

நான்காயிரம் ரூபாய் முக்காலி.

3 மார்ச் 2025

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. சங்கப் பாடல்களில் வருடை என்று வரும் ஆடு இதுவே. நம் மாநில விலங்கு. தமிழ்நாடு அரசு அக்டோபர் 7ஐ வரையாடு நாளாக வைத்திருக்கிறது. 1975இல் வரையாடுகளைப் பற்றிய முதல் ஆய்வுகளில் ஒன்றைச் செய்த இ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக அது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 ஆடுகள் என்று அறிவித்தார்கள். ஒரு மாநிலத்தின் மொத்த ஆடும் எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கையைவிடச் சற்றே அதிகம். நெருங்கிப் போய் விரட்டிப் படமெடுக்கும் விலங்கு அல்ல இது. ஸ்கோப் வாங்குவதற்கு எனக்குத் தெரிந்த முதல் காரணம், தள்ளி நிற்கலாம் என்பது.

23 மார்ச் 2025

கடையில் நின்று ஸ்கோப்பைச் சோதிப்பது எப்படி என்று கேட்டீர்கள். ஒரே ஒரு சோதனை சொல்கிறேன். ஸ்கோப்பைக் கைநீளத்தில் பிடித்து வெளிச்சத்தை நோக்கிக் காட்டிக் கண்பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். நடுவில் ஒரு சிறு ஒளிவட்டம் தெரியும். அது முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் வெட்டுப்பட்டு வைரம்போல் தெரிந்தால் உள்ளே மட்டமான பிரிசம். பிறகு தெருவுக்கு எதிரே உள்ள பெயர்ப்பலகையின் கைப்பேசி எண்ணை 20இலும் 40இலும் படித்துப் பாருங்கள். 40இல் எழுத்து பெரிதாகி, ஆனால் தெளிவு கூடவில்லை என்றால், அந்த ஸ்கோப்பின் உண்மையான எல்லை எங்கே என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

19 ஏப்ரல் 2025

கூடலூர்த் தம்பி வாங்கிவிட்டார். ஸ்டூடியோவிலிருந்து பழைய வீடியோ முக்காலி 4,500. 65 மி.மீ. சாய்ந்த ஸ்கோப், 20 முதல் 60 மடங்கு, நீர் புகாதது, 18,500. தக்கைத் தாள், சிலிக்கா ஜெல், அரிசி டப்பா எல்லாம் சேர்த்தும் 25,000க்குள் அடக்கிவிட்டார். மாமாவின் ஸ்கோப் மாமாவிடம் போயிற்று.

18 மே 2025

போன ஞாயிறு தம்பியும் நானும் பிள்ளைகளும் ஒரு பாறைச் சரிவுக்கு எதிரே உட்கார்ந்தோம். இடத்தின் பெயரை எழுதமாட்டேன், கருங்கழுத்துப் பாறுகள் கூடு வைக்கும் இடம். மாயாறு, சீகூர்ப் பக்கத்தில் மிஞ்சியிருப்பவை தென்னிந்தியாவில் மிஞ்சிய மிகச் சிலவற்றுள் சில. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டின் வழியே இவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். அதற்குள் நாடு முழுக்கப் பெரும்பகுதி போய்விட்டது. கூட்டுக்கு அருகில் மனிதர் போனால் பறவை கூட்டை விட்டுவிடக்கூடும். நாங்கள் இருந்த இடம் எண்ணூறு மீட்டருக்கு மேல்.

காலை எட்டு. கானல் இன்னும் எழவில்லை. தம்பி 20இல் வைத்துப் பாறை விளிம்பைத் தேடினார், எச்சத்தின் வெள்ளைக் கோடு கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனார், நிறுத்தினார். பிடியை இறுக்கினார். 30க்கு மாற்றினார்.

நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி முதலில் கண்ணை வைத்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளும்படி சொல்லியிருந்தேன், அப்படியே செய்தாள். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை.

"சார், குஞ்சு சிறகை விரிச்சுப் பாக்குது" என்றாள். "ஆனா இன்னும் பறக்கல."

அடுத்தவனுக்கு இடம்விட்டு நகர்ந்தாள். முக்காலியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனாள்.